தனிக் குழலும் கூட்டிசையும்: ஷான் ஓ ரீயடாவின் சங்கீதப் பணி

ஒரு நாட்டின் சங்கீதம் ஏட்டிலும் அரங்கிலும் இடம் பெறாமல், குடியானவர் வீட்டு அடுப்பங்கரையிலும் கிராமத்துச் சாலைச் சந்திப்புகளிலும், தகப்பனின் விரலிலிருந்து மகனின் விரலுக்கும் தாயின் குரலிலிருந்து மகளின் குரலுக்குமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்குமானால், அதைப் பெரிய சபைக்குக் கொண்டுவர விரும்பும் கலைஞன் எதிர்கொள்ளும் பிரச்சினை இலேசானதன்று. உள்ளபடியே கொண்டுவந்தால் சபை அதைப் பாமரர் பாட்டென்று ஒதுக்கிவிடக்கூடும். சபையின் ருசிக்கேற்ப மாற்றினாலோ, எதைக் காப்பாற்ற வேண்டுமென்று அவன் புறப்பட்டானோ அதுவே கைநழுவிப் போய்விடக்கூடும். அயர்லாந்து தேசத்தில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்தப் பிரச்சினையை முழு அறிவோடும் முழு ஆவேசத்தோடும் ஏற்றுக்கொண்டு, ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல வழிகளில் அதற்கு விடை தேடியவர் ஷான் ஓ ரீயடா. நாற்பது வயதிலேயே உலக வாழ்வை நீத்த அந்த மனிதரைப் பற்றி அவருடைய நாட்டாருக்குள் நிலவும் அபிப்பிராயங்கள் இரு துருவங்களாகப் பிரிந்து நிற்கின்றன: தேசத்தின் இசையை மீட்டுத் தந்த மகாபுருஷர் என்பது ஒன்று, தம் சிருஷ்டி சக்தியைப் பாதியில் கைவிட்ட கலைஞர் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டெனினும், அவர் கையாண்ட ஒவ்வொரு முறையையும் தனித்தனியே எடுத்து, அது அந்த இசைக்குக் கொடுத்தது என்ன, அதனிடமிருந்து பறித்துக்கொண்டது என்ன என்று நிறுத்துப் பார்த்தாலன்றி நியாயமான முடிவுக்கு வர இயலாது.

1931ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதி கார்க் நகரத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜான் ரீடி. தந்தை போலீஸ் உத்தியோகஸ்தர்; பிள்ளையின் இளமைப் பருவம் லிமரிக் ஜில்லாவைச் சேர்ந்த அடேர் என்னும் ஊரில் கழிந்தது. சிறு வயதிலேயே பிடில் பயின்று கிராமிய மெட்டுக்களைக் கேட்டு வளர்ந்தவர், கார்க் சர்வகலாசாலையில் அலோயிஸ் ஃபிளைஷ்மான் என்ற பேராசிரியரிடம் ஐரோப்பிய சங்கீத சாஸ்திரத்தை முறையாகக் கற்று 1952இல் பட்டம் பெற்றார். அந்த நாட்களிலேயே நடன வாத்தியக் கோஷ்டிகளில் பியானோ வாசித்து ஜாஸ் இசையின் ருசியையும் அறிந்துகொண்டார். 1953இல் அயர்லாந்து வானொலியின் இசைப் பிரிவில் உதவி இயக்குநராக அமர்ந்தவர், இரண்டாண்டுகளுக்குள் அந்தப் பதவியைத் துறந்து பாரிஸ் நகரம் சென்று சில காலம் வறுமையோடு போராடித் திரும்பிய பின், 1955 முதல் 1962 வரை டப்ளினிலுள்ள ஆபி நாடக சாலையின் இசை இயக்குநராகப் பணியாற்றினார். ஆங்கிலமாக்கப்பட்ட பெயரை உதறிவிட்டு ஷான் ஓ ரீயடா என்ற ஐரிஷ் வடிவத்தை அவர் மேற்கொண்டது இக்காலத்திலேதான். கிராமத்துப் பிடில், கல்லூரி சாஸ்திரம், ஜாஸ் பியானோ, நாடக மேடை ஆகிய இந்நான்கு பயிற்சிகளும் அவருடைய பிற்காலப் பணி முழுவதிலும் ஊடும்பாவுமாகக் கலந்திருப்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

அவர் முதலில் அடைய விரும்பிய கீர்த்தி, ஐரோப்பிய மரபில் நிற்கும் ஒரு நவீன இசையமைப்பாளருக்குரிய கீர்த்தியே ஆகும். 1957இல் தந்தி வாத்தியக் கோஷ்டிக்காக அவர் இயற்றிய ‘நோமோஸ் 1’ என்னும் கிருதி இதற்குச் சான்று. ஃபெராரா நகரத்து அதிபதி எர்கோலேயைப் போற்றும் லத்தீன் பட்டப்பெயரில் வரும் உயிரெழுத்துக்களை ஸ்வரப் பெயர்களாக மாற்றி, அந்த ஸ்வரத் தொடரையே ஆதாரமாக வைத்து ஜோஸ்கன் டெ ப்ரே என்ற பழைய மேதை ஒரு வழிபாட்டு இசையை அமைத்திருந்தார். நம்முடைய ஸ்வராக்ஷர வித்தையை நினைவூட்டும் அந்தப் பழந்தொடரை எடுத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய பன்னிரு ஸ்வர வரிசை முறையோடு அதைப் பிணைத்து, கட்டுக்கோப்பும் கம்பீரமும் மிக்க ஓர் ஆக்கத்தை அந்த இருபத்தாறு வயது இளைஞர் உருவாக்கினார். 1965இல் சோபோக்ளீஸின் நாடக வாசகங்களைத் தனிக் குரலும் பாடகர் கோஷ்டியும் பெரிய வாத்தியக் குழுவும் இசைக்க அமைத்த ‘நோமோஸ் 2’ இன்னும் விஸ்தாரமானது. மானிட வாழ்வின் துக்கத்தைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனையைத் தாங்கியது. இவ்விரண்டையும் கேட்பவர் எவரும் அவருடைய சாஸ்திரப் பயிற்சியைக் குறைவாக மதிக்க மாட்டார். ஆயினும் இந்த வழியில் அவர் நிலைத்து நிற்கவில்லை. அதற்குக் காரணம் அவருடைய சுபாவம் மட்டுமன்று. சிறிய தேசமொன்றில், நவீன கிருதிகளைப் பயிற்சியோடு வாசிக்கவும் பொறுமையோடு கேட்கவும் கூடியவர்கள் மிகச் சிலரே இருந்த அந்நாளில், இத்தகைய ஆக்கங்கள் ஒருமுறை அரங்கேறிவிட்டுப் பெட்டிக்குள் உறங்குவது வழக்கமாக இருந்ததும் காரணமாகும்.

ஜனங்கள் அவரை அறிந்தது வேறொரு வாயிலாக. ஐரிஷ் மொழியின் வளர்ச்சிக்காக 1953இல் தோன்றிய கேல் லின் என்ற ஸ்தாபனம், தேசத்தின் விடுதலை இயக்கத்தைப் பற்றிய பழைய செய்திப் படத் துணுக்குகளைத் திரட்டி ஒரு முழுநீள சரித்திரப் படம் எடுக்க முன்வந்தது. ஜார்ஜ் மாரிசன் தொகுத்தமைத்த ‘மிஷே ஏய்ரே’ என்னும் அந்தப் படம் 1959இல் கார்க் திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, மறு வருஷம் நாடெங்கும் ஓடியது. அதற்கு இசை அமைத்தவர் ஓ ரீயடா. ‘ரோஷீன் டுவ்’ என்ற பழம்பாடலின் மெட்டை, தேசத்தையே ஒரு கரிய ரோஜா நங்கையாகப் பாவித்துக் கவிஞர்கள் பாடிவந்த அந்த மெட்டை, அவர் கொம்பு வாத்தியத்தின் தனிக் குரலில் தொடங்கி, தந்தி வாத்தியங்களின் பேரலை மேல் ஏற்றி ஒலிக்கச் செய்தபோது, தங்கள் வீட்டுத் திண்ணைப் பாட்டு ராஜசபையில் வீற்றிருப்பதைக் கண்டவர்களைப் போலக் கேட்டோர் மெய்சிலிர்த்தார்கள். அடுத்து 1961இல் ‘சீர்ஷே’ என்ற படமும், 1916ஆம் ஆண்டு எழுச்சியின் பொன்விழாவை ஒட்டி 1966இல் ‘அன் டினே வியோ’ என்ற படமும் இதே வழியில் வந்தன.

இந்தத் திரையிசையின் சிறப்பை எளிதில் சொல்லிவிடலாம்: காலனி ஆட்சியின் கீழ் நெடுங்காலம் தங்கள் கலைகளைத் தாழ்வாக எண்ணப் பழகிவிட்ட ஒரு ஜன சமூகத்துக்கு, அவர்களுடைய மெட்டு எந்தப் பெரிய வாத்தியக் கோஷ்டியின் சுமையையும் தாங்கும் வலிமை உடையது என்பதை ஒரே மாலையில் அது உணர்த்திவிட்டது. வருஷக்கணக்கான பிரசாரம் சாதிக்க முடியாத காரியம் அது. ஆனால் சங்கீத ரீதியாக நோக்கினால் அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. ஐரிஷ் மந்த கதிப் பாடல் தாளக் கட்டுக்கு அடங்காமல், மூச்சின் நீளத்தையும் சொல்லின் பாவத்தையும் அனுசரித்து விரிந்தும் சுருங்கியும் செல்லுவது. நுண்ணிய கமகங்களால் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுவது. அதைப் பெரிய வாத்தியக் குழுவின் நிர்வாகிக்குக் கட்டுப்பட்ட அளவுகளில் நிறுத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் வளர்த்த ஸ்வரக் கூட்டு முறையால் அடியெடுத்துத் தாங்கியபோது, மெட்டின் உருவம் மிஞ்சியதே தவிர அதன் சஞ்சாரம் மிஞ்சவில்லை. மேலும், படம் சொல்லிய சரித்திரத்தின் ஒருமுகப்பட்ட வீர கதைக்கு அந்த இசை ஒரு புனிதத் தன்மையை அளித்துவிட்டது. சந்தேகத்துக்கும் விசாரணைக்கும் அங்கே இடமில்லை. அதைக் கேட்கும்போது நமக்குண்டாகும் உருக்கத்தில் எவ்வளவு பங்கு சங்கீதத்தினுடையது, எவ்வளவு தேசாபிமானத்தினுடையது என்று பிரித்தறிவது கடினமாகிறது.

இதன் குறையை மற்றெவரையும்விட முதலில் உணர்ந்தவர் ஓ ரீயடாவே என்று கருதுவதற்கு இடமுண்டு. ஏனெனில் அந்த வெற்றியின் உச்சியிலேயே அவர் வேறொரு பாதையில் திரும்பினார். அதன் முக்கியத்துவம் விளங்க வேண்டுமாயின் ஐரிஷ் நாட்டிசையின் இயல்பைச் சற்றுத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். அந்த இசை அடிப்படையில் ஒற்றை இழையாலானது. ஒருவர் பாடுவதற்கோ வாசிப்பதற்கோ அமைந்தது. ஜிக், ரீல் முதலிய நடன மெட்டுக்கள் பெரும்பாலும் எட்டெட்டுத் தாளக் கட்டுக்கள் கொண்ட இரு பகுதிகளாய் அமைந்து, ஒவ்வொரு பகுதியும் இருமுறை வர, முழு மெட்டும் மீண்டும் மீண்டும் சுழன்றுகொண்டே இருக்கும். முடிவை நோக்கிப் பாய்வது அதன் நோக்கமன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரத்தை உருட்டியோ, வெட்டியோ, மூன்றாகப் பிளந்தோ, ஒரு சங்கதியை மாற்றியோ வாசிப்பவன் தன் மனோதர்மத்தைக் காட்டுவதிலேதான் அதன் ஜீவன் இருக்கிறது. ஷான் நோஸ் என்னும் பழம்பாணிப் பாடல் முறையில் பக்கவாத்தியம் என்பதே கிடையாது.

இந்தத் தனிமனிதக் கலைக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு நெருக்கடி நேர்ந்தது. 1935ஆம் ஆண்டில் நிறைவேறிய பொது நடன மண்டபச் சட்டத்தினாலும், அதை முன்னிட்டுப் பாதிரிமார்களும் போலீஸாரும் காட்டிய கண்டிப்பினாலும், வீடுகளில் கூடி ஆடும் வழக்கம் ஒடுங்கி, நடனம் பெரிய மண்டபங்களுக்குக் குடிபெயர்ந்தது. மண்டபம் பெரிதாயிற்றென்றால் ஒலியும் பெரிதாக வேண்டும் அல்லவா? அதற்காகக் கெய்லி கோஷ்டிகள் என்ற பெயரில் பிடில், குழல், அக்கார்டியன் முதலியவை அனைத்தும் ஒரே மெட்டை ஒரே சமயத்தில் முழக்க, பியானோவும் பேரிகையும் தாளத்தை அடித்து நிறுத்தும் குழுக்கள் எங்கும் பெருகின. தனி வித்துவானின் நுட்பமெல்லாம் அந்த முழக்கத்தில் கரைந்துவிடுகிறதென்பது ஓ ரீயடாவின் குற்றச்சாட்டு. அதை மிகக் கடுமையான வார்த்தைகளில் அவர் வானொலியிலும் வெளியிட்டார்.

கண்டனத்தோடு நில்லாமல் மாற்று வழி ஒன்றையும் அவர் செய்து காட்டினார். 1960இல் பிரையன் மக்மஹன் எழுதிய ஒரு நாடகத்தை ஆபி கோஷ்டி மேடையேற்றியபோது அதற்காகத் திரட்டிய நாட்டு வித்துவான்களையே கருவாகக் கொண்டு, ‘கியோல்தோரி கூலன்’ என்ற குழுவை அவர் அமைத்தார். இலியன் பைப் என்னும், முழங்கையின் கீழ் அடக்கிய துருத்தியால் காற்றூட்டும் பைக்குழலில் தேர்ந்த பாடி மொலோனி, பிடில் வாசித்த மார்ட்டின் ஃபே, ஜான் கெல்லி, விசில் ஊதிய ஷான் பாட்ஸ், குழல் வாசித்த மைக்கேல் டப்ரிடி, அக்கார்டியன் வாசித்த ஸானி புரோகன், ஏமன் டி பட்லேர் முதலியோர் அதில் இருந்தனர். ஓ ரீயடா தாம் பௌரான் என்னும் ஆட்டுத்தோல் பறையையும், பிற்பாடு ஹார்ப்சிகார்ட் என்னும் ஐரோப்பியக் கட்டை வாத்தியத்தையும் வாசித்து நடத்தினார். எல்லா வாத்தியங்களும் எப்போதும் ஒலிக்க வேண்டியதில்லை என்பதே அந்தக் குழுவின் மூல தத்துவம். ஒரு சுற்றை அனைவரும் சேர்ந்து வாசித்தால், அடுத்ததைக் குழலும் விசிலும் மட்டும் வாசிக்கும்; பிறகு பைப் தனித்து நின்று தன் சங்கதிகளைப் பொழியும்; அதன் பின் பிடில்கள் ஏந்திக்கொள்ளும்; முடிவில் மீண்டும் யாவரும் கூடுவர். ஜாஸ் குழுவில் ஒருவர் பின் ஒருவராக முன்வந்து வாசிக்கும் முறையை இளமையில் பழகியிருந்தவருக்கே தோன்றக்கூடிய யோசனை இது.

இந்த முறையின் குணங்கள் பல. முதலாவது, வாத்தியங்களின் நாத பேதத்தை அது வெளிக்கொணர்ந்தது. பைப்பின் கனத்த நாதத்துக்கும் விசிலின் மெல்லிய கீச்சுக்கும் உள்ள வித்தியாசமே ஓர் அலங்காரமாயிற்று. இரண்டாவது, வாசிக்காமல் இருப்பதற்கும் சங்கீதத்தில் மதிப்புண்டு என்பதை நாட்டு வித்துவான்களுக்கும் ரஸிகர்களுக்கும் ஒருங்கே கற்றுக்கொடுத்தது. மூன்றாவது, மறக்கப்பட்டதையும் ஒதுக்கப்பட்டதையும் மீண்டும் அவைக்கு அழைத்தது. டிசம்பர் 26ஆம் தேதி ரென் குருவி வேட்டைத் திருநாளில் ஊர்வலமாகச் செல்வோர் கையிலன்றி அதிகமாகக் காணப்படாத பௌரான் இன்று ஐரிஷ் இசைக் குழுக்களில் பரவலாக ஒலிப்பதற்கு அவருடைய முயற்சி பிரதான காரணம்; 1670இல் பிறந்து 1738இல் மறைந்த, கண்பார்வையற்ற யாழ் வித்துவான் டர்லோ கரோலனின் உருப்படிகள் சபைகளில் புத்துயிர் பெற்றதற்கும் அக்குழுவின் வாசிப்பு பெரிதும் உதவிற்று. கறுப்பு உடுப்பும் கழுத்துப் பட்டையும் அணிந்து, மௌனமாகக் கேட்கும் சபையின் முன் நாட்டு வித்துவான்கள் அமர்ந்தார்கள். 1969இல் டப்ளின் கேயட்டி அரங்கில், பீடர் ஓ டோர்னீன் என்ற பழங்கவிஞரின் இருநூறாவது நினைவாண்டை ஒட்டி நடந்த கச்சேரி அந்தப் பெருமையின் சிகரம்.

இனி இந்த முறையின் குறைகளைக் கூறாதிருப்பது நேர்மையாகாது. தனி வித்துவானின் சுதந்திரத்தை மீட்பதற்காகவே தோன்றிய குழு, அந்தச் சுதந்திரத்துக்குப் புதியதொரு வேலியையும் கட்டிவிட்டது என்பது முதற்குறை. எந்தச் சுற்றில் எவர் நுழைவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் நிர்வாகி முன்கூட்டி வகுத்துவிட்ட பின், வாசிப்பவனுக்கு எஞ்சுவது வகுத்த எல்லைக்குள் உலாவும் உரிமையே. ஒலிப்பதிவில் அந்த அமைப்பு உறைந்து, பின்வந்த குழுக்களுக்கு முன்மாதிரியாகிவிட்டபோது, மாறிக்கொண்டே இருப்பதைத் தன் இயல்பாகக் கொண்ட ஒரு மெட்டுக்கு ‘சரியான வடிவம்’ ஒன்று உண்டென்ற பிரமை பரவியது.

ஹார்ப்சிகார்டைப் பற்றியது இரண்டாவது குறை. உலோகத் தந்திகள் பூட்டிய பழைய ஐரிஷ் யாழின் நாதம், அந்நாளில் வழங்கிய நரம்புத் தந்தி யாழைக் காட்டிலும் ஹார்ப்சிகார்டின் நாதத்துக்கே நெருக்கமானது என்பது ஓ ரீயடாவின் வாதம். நாதத்தின் குணத்தை மட்டும் கருதினால் வாதம் சாமர்த்தியமானது, காதுக்கும் பொருத்தமானது. ஆனால் அந்தக் கட்டை வாத்தியத்தில் ஸ்வர ஸ்தானங்கள் முன்னரே நிர்ணயிக்கப்பட்டவை. பைப்பிலும் பிடிலிலும் பழம்பாணிப் பாடகரின் குரலிலும் காந்தாரமும் நிஷாதமும் இரண்டு ஸ்தானங்களுக்கு இடையே அசைந்தும் ஊசலாடியும் நிற்பது உண்டு. அந்த நிச்சயமின்மையே அவற்றின் சோகத்துக்கும் அழகுக்கும் மூலம். அதன் அடியில் நிலைத்த ஸ்தானங்களைக் கொண்ட ஸ்வரக் கூட்டுக்கள் விழுந்தவுடன் காது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அசைவு பிழையாகத் தோன்றத் தொடங்குகிறது. பாட்டு விஷயத்திலும் இதே இரட்டை நிலையைக் காணலாம். டாரக் ஓ கஹான் போன்ற பழம்பாணிப் பாடகரை அவர் மனமாரப் போற்றி வானொலிக்கு அழைத்து வந்தார்; எனினும் குழுவோடு அதிகமாகப் பாடிப் புகழ் பெற்றவர், தெளிவும் கவர்ச்சியும் நிறைந்த, ஆனால் மேடைப் பயிற்சியின் சாயல் கொண்ட குரலுடைய ஷான் ஓ ஷே. சபை எதை ஏற்கும் என்ற கணக்கு இங்கே கொள்கையை வென்றது.

மூன்றாவது குறை நடனத்தைப் பற்றியது. ஆடுவோரின் பாதங்களுக்காகப் பிறந்த இசையை அமர்ந்து கேட்கும் இசையாக மாற்றியதில் கௌரவம் கிடைத்தது உண்மை; கால்களோடு அதற்கிருந்த உறவு தளர்ந்ததும் உண்மை. அவர் இகழ்ந்த கெய்லி கோஷ்டிகளோ, எத்தனை குறையுடையவையாயினும், அந்த உறவை விடாமல் பேணி வந்தன. கிளேர் ஜில்லாவின் கில்ஃபெனோரா, டுல்லா கோஷ்டிகளின் வாசிப்பைக் கேட்போர், பலர் சேர்ந்து ஒரே மெட்டை வாசிப்பதிலும் தனியான ஓர் உந்துதலும் உள்ளூர்ப் பாணியின் மணமும் உண்டென்பதை ஒப்புக்கொள்வர். தாம் வெறுத்ததன் நன்மையைக் காணும் பொறுமை ஓ ரீயடாவிடம் குறைவாகவே இருந்தது.

அந்தப் பொறுமையின்மை அவருடைய சித்தாந்தத்திலும் தென்படுகிறது. 1962இல் வானொலியில் நிகழ்த்தி, பிற்காலத்தில் கவிஞர் தாமஸ் கின்ஸெல்லாவின் முயற்சியால் நூல் வடிவம் பெற்ற தொடர் சொற்பொழிவுகளில், ஐரிஷ் இசை ஐரோப்பிய இசைக்கு மிகவும் தூரமானது, கீழை நாட்டு இசை முறைகளுக்கே நெருக்கமானது என்று அவர் வாதித்தார். ஆரம்பம், வளர்ச்சி, முடிவு என்று நேர்கோட்டில் செல்லும் ஐரோப்பிய கிருதிக்கு எதிராக, சுழன்று சுழன்று வரும் வட்டத்தை ஐரிஷ் கலையின் அடையாளமாக நிறுத்தினார். கர்நாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு அவர் சொல்வதன் ஒரு பாதி உடனே புலப்படும்: ஒற்றை இழையின் பூரணத்துவம், கமகத்தின் அத்தியாவசியம், ஒரே பல்லவி வரியைச் சங்கதிக்குச் சங்கதி புதிதாக்கும் ஆனந்தம் ஆகியவை நமக்கு விளக்க வேண்டியவை அல்ல. கேட்பவர் எதைத் தேட வேண்டும் என்பதை அந்தக் கருத்து ஐரிஷ் மக்களுக்குத் தெளிவாக்கிக் கொடுத்தது; ஸ்வரக் கூட்டு இல்லாததைக் குறையென்று எண்ணி நாணியவர்களுக்கு அது ஒரு தைரியத்தை அளித்தது. ஆனால் சரித்திரமாக அதை ஏற்க இயலாது. ரீல் என்னும் மெட்டு வகை ஸ்காட்லாந்திலிருந்தும் ஹார்ன்பைப் இங்கிலாந்திலிருந்தும் போல்கா ஐரோப்பாக் கண்டத்திலிருந்தும் வந்தவை. பிடில் இத்தாலியில் உருவானது. அவர் போற்றிய கரோலனே தம் காலத்து இத்தாலிய சங்கீதத்தில் மனம் பறிகொடுத்து அதன் சாயலில் உருப்படிகள் செய்தவர். வந்தவற்றையெல்லாம் தன் மயமாக்கிக்கொண்ட வலிமையே அந்த மரபின் பெருமை என்றிருக்க, வெளிக்கலப்பற்ற தூய்மையை அதற்குக் கற்பித்தது அதன் உண்மையான ஆற்றலைக் குறைத்துக் கூறியதாயிற்று. சுருதி நிர்ணயமான ஐரோப்பிய வாத்தியத்தின் முன் அமர்ந்துகொண்டே ஐரோப்பாவை மறுத்த முரண்பாட்டை அவர் கடைசி வரையில் தீர்த்துக்கொள்ளவில்லை.

1963இல் கார்க் சர்வகலாசாலையில் விரிவுரையாளராக அமர்ந்தவர், ஐரிஷ் மொழி தாய்மொழியாகவே வழங்கும் மேற்குக் கார்க் மலைப்புறத்திலுள்ள கூலே என்ற கிராமத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். 1964இல் அவ்வூர் ஆண்களைச் சேர்த்து ஒரு பாடகர் குழுவை நிறுவினார். லத்தீனுக்குப் பதிலாக அந்தந்த நாட்டு மொழியில் வழிபாடு நடத்தலாம் என்று இரண்டாவது வத்திக்கான் சங்கம் அனுமதித்த காலம் அது. ஐரிஷ் மொழியில் பூசை வந்துவிட்டது, பாடுவதற்கு இசை வரவில்லை. அந்தத் தேவையை நிறைவேற்ற ஓ ரீயடா 1968இல் இயற்றிய பூசை இசையும், அதன் பின்னர் இயற்றிய இரண்டாவது பூசை இசையும், என் அபிப்பிராயத்தில், அவருடைய முறைகள் அனைத்திலும் குறை மிகக் குறைந்தவை.

காரணங்களைக் கூறுகிறேன். இங்கே அவர் பழைய மெட்டொன்றை எடுத்து வேறிடத்தில் நாட்டவில்லை. பழம்பாணிப் பாடலின் அசைவுகளையும் நடையையும் தம்முள் ஜீரணித்துப் புதிய மெட்டுக்களைச் சொந்தமாகச் சிருஷ்டித்தார். பயிற்சியற்ற குடியானவர்கள் ஒரே குரலாகப் பாடுவதற்கென்றே அவை அமைந்தபடியால், ஒற்றை இழையின் தன்மை கெடவில்லை. ஸ்வரக் கூட்டுக்கள் தேவைக்கு மேல் தலைகாட்டவில்லை. சபையின் ருசி, சட்டை உடுப்பு, கைதட்டல் ஆகிய பிரச்சினைகள் கோயிலுக்குள் எழவேயில்லை. பாடுபவர்களும் கேட்பவர்களும் ஒரே கூட்டத்தார். இதற்கும் ஓர் எல்லை உண்டு: மத நம்பிக்கையோடும் ஒரு சிறுபான்மை மொழியோடும் கட்டுண்ட இசை அவற்றின் எல்லைக்கு அப்பால் அதிக தூரம் பயணம் செய்யாது, மக்கள் கோயிலுக்குச் செல்லும் வழக்கம் குறைந்தால் இந்த இசையின் வாழ்விடமும் குறுகும். அவ்வாறிருந்தும் அயர்லாந்தின் பல கோயில்களில், இயற்றியவர் பெயரைக்கூட எண்ணிப் பாராமல், ஜனங்கள் அந்த மெட்டுக்களைப் பாடி வருகிறார்கள். கூலே பாடகர் குழுவும் அவருடைய மகன் பேதர் ஓ ரீயடாவின் தலைமையில் தந்தைக்குப் பின்னும் தொடர்ந்து நிலைபெற்றது.

இங்கே இசையியல் அறிஞர் ஹாரி ஒயிட் 1998இல் வெளியிட்ட தம் நூலில் எழுப்பிய வாதத்தைக் கவனிக்க வேண்டும். நவீன கிருதிகளை இயற்றும் திறமை பெற்றிருந்த ஓ ரீயடா அதைத் துறந்து மரபிசையின் மீட்பராக மாறியதால், அயர்லாந்தில் சுயமான கலைச் சங்கீதம் தோன்ற வேண்டும் என்ற எண்ணமே ஜன மனத்தில் மங்கிப்போயிற்று என்பது அந்த வாதத்தின் சாரம். இதில் பாதி நியாயம் உண்டு. ‘நோமோஸ்’ வரிசையின் மீது கேட்போருக்கு உரிய அக்கறை ஏற்படாமல் போனதற்கு, அதன் ஆசிரியரே அதை விட்டு விலகிய செயல் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தக் கிருதிகள் இன்றும் அடிக்கடி வாசிக்கப்படத் தக்கவை. ஆனால் சிருஷ்டி என்பது கோஷ்டிக்கென்று எழுதிய ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்ற முன்முடிவு அந்த வாதத்தினுள் ஒளிந்திருக்கிறது. ஓ டோர்னீனின் ‘மனா நா ஹேரன்’ என்ற பாடலுக்கு ஓ ரீயடா அமைத்த மெட்டை எண்ணிப் பாருங்கள். 1975இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘பாரி லிண்டன்’ திரைப்படத்தின் மூலம் உலகெங்கும் பரவிய அந்த மெட்டைப் பல நூற்றாண்டுப் பழமை உடையதென்றே எண்ணி வாசிப்பவர் அநேகர். ஒரு மனிதன் புதிதாகச் செய்ததை ஒரு மரபு தன் பிள்ளையென்று ஏற்றுக்கொள்ளுமானால், அதைக் காட்டிலும் கடினமான பரீட்சை இசையமைப்பாளனுக்கு வேறெது இருக்க முடியும்? துறந்ததாகச் சொல்லப்படும் சிருஷ்டி சக்தி அங்கே வேறு உருவில் பலித்திருக்கிறது.

அவருடைய கடைசி வருஷங்கள் துயரமானவை. குடியினால் உடல் நலிந்தது. 1970இல் கியோல்தோரி கூலனை அவரே கலைத்துவிட்டார். 1971ஆம் ஆண்டு, விக்லோ மலைகளிடையே காரக் பிரவுன் என்ற நண்பரின் லகலா மாளிகையில் ஹார்ப்சிகார்டில் தனியாக வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டு அவருடைய மறைவுக்குப் பின் வெளிவந்தது. அதில் பழைய மெட்டுக்களை அவர் தட்டுத் தடுமாறியும் திடீரென்று ஆழ்ந்தும் ஆராய்ந்து செல்வதைக் கேட்கும்போது, மற்றவர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் தாமே தனி வித்துவானாகிவிட்டதை உணர்கிறோம். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 3ஆம் தேதி லண்டன் மருத்துவ சாலை ஒன்றில் அவர் காலமானார்; பாலிவூர்னியிலுள்ள புனித கோப்நட் மயானத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாமஸ் கின்ஸெல்லா, ஜான் மாண்டேக், ஷேமஸ் ஹீனி ஆகிய மூன்று பெருங்கவிஞர்கள் அவரைப் பற்றிக் கவிதை இயற்றினார்கள். பாடி மொலோனி 1962இல் தொடங்கிய ‘சீஃப்டன்ஸ்’ குழு அவருடைய முறையை உலகெங்கும் எடுத்துச் சென்றது. எழுபதுகளில் தோன்றிய ‘பிளாங்ஸ்டி’, ‘பாத்தி பாண்ட்’ முதலிய குழுக்கள் அந்த அஸ்திவாரத்தின் மேல் புதிய கட்டடங்களை எழுப்பின.

யாவற்றையும் தொகுத்து நோக்குமிடத்து ஒரு நியமம் புலனாகிறது. மரபிசையைப் பெரிதாக்கிக் காட்ட அவர் முயன்ற இடங்களிலெல்லாம் வெற்றி உடனடியாகக் கிடைத்தது, இழப்பும் கூடவே வந்தது. திரையிசையில் இழப்பு அதிகம், குழு இசையில் அதைவிடக் குறைவு. மரபிசையின் அளவுக்குத் தம்மைச் சுருக்கிக்கொண்டு, அதன் விதிகளுக்குள் நின்று புதிதாகப் படைத்த இடங்களிலோ புகழ் மெதுவாக வந்தது, இழப்பு ஏறக்குறைய இல்லை. சபையில் கிடைக்கும் கௌரவம் ஒரு மரபுக்குத் தேவைப்படும் காலங்கள் உண்டு. ஐம்பதுகளின் அயர்லாந்துக்கு அது மிகத் தேவையாக இருந்தது, ஆகவே அதற்கான விலையைக் கொடுத்த ஓ ரீயடாவைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அந்தக் கௌரவம் கைக்கு வந்துவிட்ட பின்னரும் அதே விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்களே குறைகூறத் தக்கவர்கள். அவரைப் பின்பற்ற விரும்பும் இசைவாணர்கள் அவருடைய குழு அமைப்பின் உருவத்தை எடுத்துக்கொள்வதைவிட, கூலே கிராமத்தில் அவர் கைக்கொண்ட அடக்கத்தையும், ஒரு முறையின் குறை தெரிந்தவுடன் அதன் புகழைப் பொருட்படுத்தாமல் அடுத்த முறையைத் தேடிச் சென்ற துணிவையும் எடுத்துக்கொள்வார்களாயின், அவருடைய நாற்பதாண்டு வாழ்வு தொடங்கி வைத்த பணி மேலும் செம்மையுற்று வளரும்.